பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். கணக்குப் புத்தகத்தில் எந்தக் காரும் சாவதில்லை. வருமான வரிக் கணக்கில் காருக்கு ஒவ்வொரு வருஷமும் மிச்ச மதிப்பில் 15 சதவிகிதம் தேய்மானம் கழிக்கிறோம். கழிக்கக் கழிக்க மதிப்பு இளைக்குமே தவிர, பூஜ்யத்துக்கு வராது. 65,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி, அறுபது வருஷம் கழித்தாலும் மூன்று ரூபாய் சொச்சத்துக்குப் புத்தகத்தில் ஜம்மென்று நிற்கும்.

தெருவில் கதை வேறு. ''இன்னுமா ஸார் இதை வெச்சிருக்கீங்க? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க!'' என்று அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முதல் மைத்துனன் வரை சகலரும் இலவச ஆலோசனை தருகிறார்கள்.

விஷயம் என்னுடைய மாருதி 800. 2005 மாடல். ரிட்டையரான தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து 2016-ல் வாங்கினேன். விலை, மேலே சொன்ன அதே 65,000.

இந்த வண்டியின் ஜாதகம் கொஞ்சம் விசேஷமானது. 1983 டிசம்பர் 14-ல் முதல் காரின் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அன்றைக்குச் சுமார் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த காருக்காகப் பணம் கட்டிவிட்டு, பிள்ளை வரம் கேட்ட மாதிரி காத்திருந்தார்கள் ஜனங்கள். 796 சி.சி., மூன்றே சிலிண்டர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். முப்பது வருஷம் ஓடி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்போது எண்ணிக்கை 27 லட்சத்தைத் தொட்டிருந்தது. புகை விதிகள் கடுமையானதால் 2010 ஏப்ரலிலேயே சென்னையில் புது 800 விற்பனை நின்றுவிட்டது. ஆக, சென்னையில் புதிதாக விற்ற 800 எதுவானாலும் இன்றைக்கு வயசு 15 தாண்டியாச்சு. அப்படியும் ஏதாவது ஒரு தெரு முனையில் ஒன்று கண்ணில் படுகிறதா, இல்லையா? அதற்குக் காரணம் தேடித்தான் போனேன் புதுப்பேட்டைக்கு.

தேடலுக்கு ஓர் அவசரமும் இருந்தது. சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து வருஷமாக, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று மத்திய அரசு அறிவித்தது. என் வண்டிக்கு இருபது வயசு நிறைய அப்போது இரண்டே மாதம் பாக்கி! பசுமை வரி தனி.

மெக்கானிக் அண்ணன் எழுதிக் கொடுத்த பட்டியலோ 38,000 ரூபாய். தேய்மானக் கணக்குப்படி வண்டியின் மதிப்பே 15,000 சொச்சம்தான். பதினைந்தாயிரம் பெறுமான பொருளுக்கு முப்பத்தெட்டாயிரம் செலவழிக்கிறவனை எங்கள் காலேஜில் வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் வீட்டில் அம்மா இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது. வாரம் இரண்டு நாள் பிஸியோதெரபி. போன் ஆப்பில் கூப்பிடுகிற டாக்ஸி, மழை பெய்தால் வராது. வந்தாலும், ''மேடம், மெயின் ரோட்டுக்கு வந்துடுங்க'' என்கிறான். எனக்கோ மாதச் சம்பளம் கிடையாது, எழுதினால் காசு. நாலு லட்சம் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் 8,300 சொச்சம் தவணை. வருஷத்துக்கு ஒரு லட்சம். பத்திரிகைக்காரர்கள் என் மீது கோபித்துக்கொண்டால் அந்தத் தவணை என்ன ஆவது?

''ஒரு தபா புதுப்பேட்டை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க ஸார்'' என்றார் அண்ணன்.

ஒரு சனிக்கிழமை காலை, பழவந்தாங்கலில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து பொடிநடை. தனுஷ் நடித்து 2006-ல் வந்த படத்தால் புதுப்பேட்டை என்றாலே வெட்டுக்குத்து என்று நினைக்கிறவர்கள் உண்டு. இங்கே வெட்டுப்படுவது கார்கள்தான். கூவத்தின் வாசனை ஒரு பக்கம், கிரீஸ் வாசனை மறு பக்கம். கடைக்குக் கடை கதவுகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்குகின்றன. பானெட்டுகள் அப்பளக் கட்டு போல அடுக்கியிருக்கின்றன. நடைபாதையில் கியர் பாக்ஸ்கள், நடுவில் ஒரு பெரியவர் ஸ்டீயரிங் குவியலில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறார். அம்பாஸடர், ஃபியட், 800, போன வருஷம் வரை ஓடிய கார் என்று ஜாதி வித்தியாசம் பார்க்காத சமரச பூமி!

''எய்ட் ஹண்ட்ரடா? எந்த மாடல்? கார்ப்பரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா?'' வாசலில் நிற்கும் பையன் கேட்கிற கேள்வியிலேயே பாதி இன்ஜினீயரிங் படிப்பு முடிந்துவிடுகிறது.

ரேடியேட்டர் ஃபேன் மோட்டாருக்கு 1,800 சொன்னார் கடைக்காரர். அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ''பேட்டரி இருக்கா பாய்?'' என்றார். வந்தது. இரண்டு ஒயரை வைத்தார். ஃபேன் சுற்றியது. காதை வைத்துக் கேட்டார். விரலால் அச்சை ஆட்டிப் பார்த்தார்.

''இது முனகுது. வேற கொடு.''

மூன்றாவது மோட்டார் முனகவில்லை. 900 ரூபாய்க்குப் படிந்தது. அதோடு கதவுக் கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷின் 350, பக்கக் கண்ணாடி 150, ஒரு வீல் ரிம் 600. மொத்தம் 2,000.

சந்தோஷத்தில் நான், ''பிரேக் சாமானும் இங்கேயே பார்த்துடலாமாண்ணே?'' என்று கேட்டேன். அண்ணன் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

''ஸார், நின்னுபோனா தள்ளிக்கலாம்ங்கற சாமான் பழசா இருக்கலாம். நிக்காம போனா என்ன பண்ணுவீங்க?''

இருபது வருஷத்து வண்டியைக் கட்டி மேய்க்கும் சூத்திரம் இந்த ஒரு கேள்விதான். கதவு, கண்ணாடி, ஸீட், ரிம், ஃபேன் மோட்டார் இதெல்லாம் பழசு வாங்கலாம். பிரேக், டயர், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட ஜாயிண்ட்டுகள், ஸீட் பெல்ட், ரப்பர் எதுவானாலும் புதுசு. பேரமே கூடாது.

புதுசுக்கு இடம், அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஜனங்களுக்கு ஜி.பி. ரோடு. உற்பத்தி நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆன காருக்குச் சாமான் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம். கடைப் பையன் பட்டியலை வாங்கிக்கொண்டு பரணில் ஏறினான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டன. 27 லட்சம் வண்டி விற்றதன் புண்ணியம் இது. செகண்ட் ஹாண்டில் வாங்கும்போது நாம் கம்பெனி, கலர், மைலேஜ் எல்லாம் கேட்கிறோம். 'இதன் சாமான் பரணில் இருக்கிறதா' என்று கேட்பதில்லை. ஐந்தாறு வருஷத்திலேயே கம்பெனி கைகழுவிய, சொற்பமாக விற்ற கார்கள் மலிவாகக் கிடைப்பதன் மர்மம் அதில்தான் இருக்கிறது.

பிரேக் சாமான், பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஹோஸ் பைப்புகள், கிளட்ச் கேபிள் எல்லாம் சேர்ந்து 11,800. இரண்டு டயர் 5,600. பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டியின் ரப்பருக்கு அது ஆகாது என்று பெட்ரோல் பைப்புகளையும் மாற்றச் சொல்லிவிட்டார் அண்ணன்.

டீக்கடையில் பராமரிப்புப் பாடம் நடந்தது. ''இந்த இன்ஜின் லேசில சாகாது ஸார். அதைச் சாகடிக்கறது சூடு. டிராஃபிக்ல ஃபேன் சுத்தலேன்னா ஹெட் காஸ்கெட் போயிடும். தண்ணி, ஆயில் வாரா வாரம் பாருங்க. ஐயாயிரம் கிலோமீட்டர் இல்லே ஆறு மாசம், எது முந்துதோ அப்ப ஆயில் மாத்துங்க. டைமிங் பெல்ட்டுக்கு ஐம்பதாயிரம் வெச்சுக்குங்க. வண்டி ஓடலேன்னாலும் ரப்பர் காயும், அதனால வருஷத்தையும் எண்ணுங்க.''

''அப்போ வண்டி எப்போதான் சாகும்?''

''பாடிதான் ஸார் சாகும். கடல் காத்து, மழைத் தண்ணி. ஃப்ளோர் அரிச்சு, சஸ்பென்ஷன் மாட்டற இடம் அரிச்சா, அதுக்கப்புறம் நானே தொடமாட்டேன். உங்களுது ரெண்டு இடத்துல பொத்தல், அவ்வளவுதான். தகடு வெச்சுப் பத்தவெச்சுடலாம்.''

சின்ன பட்ஜெட்டில் பழைய வண்டி தேடும் ஆபீஸ் நண்பர்களுக்கு, அவர் சொன்னதில் மிச்சம் இதோ. வண்டியைக் காலையில், இன்ஜின் ஜில்லென்றிருக்கும்போது போய்ப் பாருங்கள். 'சூடு பண்ணி வெச்சிருக்கேன்' என்றால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த டீ நிறத்தில் பசை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஸீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு சாண் மட்டும் சேற்று நிறமாக இருந்தால் அது 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ வெள்ளத்தில் குளித்த வண்டியாக இருக்கலாம். மிதியடியைத் தூக்கி ஃப்ளோரைத் தட்டிப் பாருங்கள். சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யையும் ஒத்துப் பாருங்கள். கடன் பதிவாகியிருந்தால் பாங்க் கையெழுத்துப் போட்ட 35-ம் நம்பர் ஃபாரம், பெயர் மாற்ற 29, 30 ஃபாரங்கள் கைக்கு வராமல் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தூக்கிப் போடுவதானாலும் முறை இருக்கிறது. தெருக்கோடி இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்தால் காகிதத்தில் வண்டி உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அரசாங்கத்தில் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும்.

என் மனைவி இத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள். ''ஏர்பேக் இல்லையேங்க, அதுக்கு என்ன சொன்னார் உங்க அண்ணன்?'' என்றாள். நியாயமான கேள்வி. 800-ல் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. எந்த மெக்கானிக்காலும் அதைச் சேர்க்க முடியாது. தகடும் மெல்லிசு. எனவே வீட்டில் ஒரு சட்டம் இயற்றினோம். இந்த வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டைப் பார்க்கக் கூடாது. ஊருக்குள் மட்டும், வேகம் ஐம்பதுக்குள், எல்லோரும் பெல்ட் போட்டுக்கொண்டு. ஊருக்குப் போக ரயில் இருக்கிறது. ஃப்ளோர் அரிக்கிற அன்றைக்கு அழாமல் உடைப்பு மையம்.

தகடு வேலை, பெயிண்ட், கூலி 12,000. ஆக மொத்தம் 31,400. வருஷா வருஷம் இப்படியே முப்பதாயிரம் செலவானாலும், தவணைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பணப் புழக்கம் வேறு, சொத்து மதிப்பு வேறு. வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்டவனுக்கும் அது தெரியும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதிகாரி லைட்டைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார், குனிந்து அடியில் பார்த்தார். ஐந்து வருஷம் கிடைத்தது.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று, அண்ணன் பானெட்டைத் திறந்து உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். பெல்ட் மாற்றிய தேதி, கிலோமீட்டர், அடுத்து எப்போது என்று மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதினார். வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்த அம்மா எட்டிப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

''நன்னா இருக்கே! என் முழங்காலுக்கும் அந்த டாக்டர் இப்படி ஒண்ணு எழுதி ஒட்டியிருக்கப்படாதோ?''