இருவரும் சரி, சேர்ந்தால் தப்பு!

ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள். சமையல் குறிப்பு நோட்டில் ஆளுக்கொரு பிரதி. மூத்தவள் உப்பை நீல டப்பாவுக்கு மாற்றி, அது இருந்த சிவப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி, தன் பிரதியில் பழைய குறிப்புகளையெல்லாம் ஒழுங்காகத் திருத்திவிட்டாள். அதே வாரம் இளையவள் தன் பிரதியில் புதிதாக ஒரு குழம்பு எழுதினாள்: "சிவப்பு டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன்." இரண்டு பிரதிகளையும் சேர்த்தால் ஓர் எழுத்துக்கூட மோதாது. ஆனால் குழம்பு பாயசமாகிவிடும்!

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான் என்றால் நம்புவீர்களா?

யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள் உண்டு. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அப்படிப்பட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதுதான். பல தேசத்தார் ஆளுக்கொரு 'கிளை'யில் எழுதுகிறார்கள். கிளைகளைச் சேர்க்க 2005-ல் அவரே 'கிட்' என்ற கருவியைச் செய்தார். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் கிட் கூவிவிடும். வெவ்வேறு இடமென்றால் வாய் திறக்காது. அப்போது ருசி பார்த்துச் சொல்வது 'டெஸ்ட்' என்கிற சோதனைதான்.

என் அக்காள் மகள் இத்தகைய புரோகிராம் ஒன்றுக்குச் சம்பளமில்லாமல் எழுதுகிறவள். மூன்று மாத உழைப்பு. அவள் கிளையில் சோதனை தேறிற்று. பிரதானக் கிளையிலும் தேறிற்று. சேர்த்தால் தவறிற்று. "அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் என்ன?" என்று கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னாராம்.

"குழம்பு தித்தித்தால் நாக்கையா அறுத்துக்கொள்வார்கள், சித்தி?" என்று என்னிடம் பொரிந்தாள்.

"பின்னே, யார் மேல் தப்பு?" என்றேன்.

"யார் மேலும் இல்லை. சேர்த்த இடத்தில்தான் தப்பு. அங்கேதான் திருத்தவேண்டும்."

கிட்டில் 'பைசெக்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. ஆயிரம் திருத்தங்களைப் பாதி பாதியாகப் பிரித்து, சுமார் பத்தே சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடும். இங்கே அது சேர்க்கையின் மீதே விரலை நீட்டியது. வேறொருவர் ஒரு பகுதியின் பெயரை மாற்றி, கண்ணில் பட்ட இடமெல்லாம் திருத்தியிருந்தார். இவள் கிளை அவர் கண்ணில் படவில்லை. ஒரே வரியைத் திருத்தியதும் சோதனை தேறிற்று. இனி வாரந்தோறும் பிரதானக் கிளையைத் தன் கிளையில் சேர்த்துப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறாள்.

லினக்ஸில் இதற்கென்றே ஒரு காவல் உண்டு. 2008-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' அது. நூற்றுக்கணக்கான கிளைகள் டோர்வால்ட்ஸின் கைக்குப் போகுமுன்பே அங்கே சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. மோதல் கண்டால் இரு தரப்பாருக்கும் கடிதம் போகும்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடிதம்தான். 'உன்னால் கெட்டது' என்று ஒருவர் தலையில் கட்டாமல், இருவரையும் சேர்த்தே விளிக்கிறது பாருங்கள்! நம் வீடுகளில் மனஸ்தாபம் வரும்போது இப்படி ஒரு கடிதம் எழுத நமக்கு ஏன் தோன்றுவதில்லை?