விடை தேடிச் சென்ற மாணவி



பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். நூல்களைக் கற்றுத் தேறுவது மருத்துவக் கல்வியின் ஒரு பாதியே. நூலில் இல்லாத விடையைத் தேடுவது மறு பாதி. மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் கலைப் பட்டதாரியான எனக்கு இதை உணர்த்தியது நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்று.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்ற செல்லப்பன் நிர்மலாவுக்கு, 1985ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேவைப்பட்டது. எய்ட்ஸ் கிருமி இங்கு உண்டா என ஆராயுமாறு பேராசிரியை சுனிதி சாலமன் கூறினார். அந்நோய் நம் நாட்டை அணுகாது என்றே பலரும் அன்று நம்பியிருந்தனர். நிர்மலா தயங்கினார், கணவர் ஊக்கமூட்டினார். 80க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைத் திரட்டித் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலில் அறியப்பட்டது ஒரு மாணவியின் ஆய்வேட்டினால்தான்!

மெய்யான கேள்வியைத் தந்த ஆசிரியை, கதவைத் திறந்துவிட்ட மற்றொரு கல்லூரி, துணை நின்ற இல்லம் ஆகிய மூன்றும் கூடியதாலேயே அது கைகூடிற்று. ஆராய்ச்சிப் பண்பாடு என்பது இதுவே.

என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர் இன்று மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறார். ஆய்வேட்டைப் பற்றி வினவினேன். "முன்னவர்கள் எழுதியதைச் சற்று மாற்றினால் போதும், ஹஜ்ரத்" என்றார். என் மனம் வருந்தியது. "தம்பி, நம் ஓரிக்கையில் குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுதும் குனிந்து நெய்கிறார்களே, அவர்களுக்கு முதுகும் முழங்காலும் எந்த வயதில் நோகத் தொடங்குகின்றன? இருக்கையை மாற்றியமைத்தால் அந்நோவு குறையுமா?" என்று கேட்டேன். சற்று மௌனமாக இருந்தவர், "அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை" என்றார்.

பெற்றோர்களே! மதிப்பெண் எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள்; எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய் என்றும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! விடை உங்களுக்கும் தெரியாதபோது மாணவரோடு சேர்ந்து தேடுங்கள். ஆய்வேடு அலமாரியில் உறங்குவதும் ஊருக்கு உதவுவதும் இதைப் பொறுத்தே அமையும்.