காகிதம் எங்கே?

ராத்திரி அயர்லாந்து நாடாளுமன்றத்தோட பழைய விவாதம் ஒண்ணு படிச்சேன். தூக்கமே வரல.

2002 தேர்தல்.
மூணு தொகுதில மட்டும் ஓட்டு மெஷின்.
டப்ளின் வடக்குல எதிர்க்கட்சியோட நோரா ஓவன். முன்னாள் நீதித்துறை அமைச்சர்.

ஓட்டுச் சீட்டை எண்ணுற காலத்துல நிலவரம் கொஞ்சம் கொஞ்சமா தெரியும். மனசைத் தேத்திக்கலாம்.
இந்தத் தடவை மேடைல முடிவை வாசிச்சாங்க. அவ்ளோதான். அத்தனை பேர் முன்னாடி நின்னுதான் தோத்தது அவங்களுக்கே தெரிஞ்சது.
நினைச்சாலே மனசு கேக்கல.

2004ல இந்த மெஷினை நாடு முழுக்கக் கொண்டுவரப் பாத்தாங்க.
போட்ட ஓட்டுக்குக் காகிதச் சான்று எங்கேன்னு எதிர்க்கட்சிங்க விடாம கேட்டாங்க.
மெஷினை ஆராய்ஞ்ச ஆணையமும் பரிந்துரைக்க முடியாதுன்னுடுச்சு.

5 கோடி யூரோவுக்கு மேல செலவு. 2012ல மொத்தமும் பழைய சாமான் கடைக்கு.

அன்னைக்கு யாரும் கேக்காம விட்டிருந்தா?