முதல் ஆயிரம் கிலோமீட்டர்

இளங்கன்றை ஏரில் பூட்டும் உழவன் முதல் நாளிலேயே முழு வயலையும் உழுது முடிக்க எண்ணுவதில்லை. அது நுகத்துக்குப் பழகும்வரை பொறுத்திருப்பான். உயிரற்ற இயந்திரத்துக்கும் அத்தகைய இளம்பருவம் ஒன்று உண்டு. அதனை அறியாதார் தம் பணத்தையும் இழப்பர். சில வேளைகளில் உயிரையும் இழக்க நேரும்.

கேமரன் மலையில், திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சிற்றூர் கோலா தெர்லா. அவ்வூர் இளைஞர் ஒருவர் ஈப்போவில் வேலை பார்த்துவந்தார். 2006ஆம் ஆண்டு புரோட்டோன் சத்ரியா நியோ என்னும் மூன்று கதவு ஹேட்ச்பேக் கார் வெளிவந்தபோது, அவர் உள்ளம் அதனை நாடியது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்த தந்தையார், தம் ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து முன்பணம் கொடுத்தார். எஞ்சியது மாதத் தவணையாயிற்று.

அவ்வாண்டு பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 92 சென். நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் போதும் என்று நண்பர்கள் கூறியிருந்தனர். முதன்முறை கணக்கிட்டபோதோ, 380 கிலோமீட்டர் ஓட 38 லிட்டர் செலவாகியிருந்தது. அஃதாவது நூற்றுக்குப் பத்து லிட்டர். இளைஞர் திகைத்தார். மகனின் வாட்டத்தைக் கண்ட தந்தையார், தம் வாழ்நாள் உழைப்பு வீணாயிற்றோ என்று உள்ளூரக் கலங்கினார்.

எவ்வாறேனும் சிக்கனம் காண வேண்டும் என்று இளைஞர் இரு வழிகளைக் கையாண்டார். ஏற்றத்தில் வேகம் தளர்ந்த பின்னும் கியரைக் குறைக்காமல் எஞ்சின் முனகும்படி ஓட்டினார். சிம்பாங் பூலாய் நோக்கி இறங்கும்போது நியூட்ரலில் இட்டு உருள விட்டார். ஒரு நாள் அவ்விறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகிய வாடை எழுந்தது. வளைவு ஒன்றில் கார் எளிதில் நிற்கவில்லை. மலைச்சரிவின் பக்கம் ஒதுங்கி ஒருவாறு நின்றது. இளைஞரின் கைகள் நெடுநேரம் நடுங்கின. மறுநாளே காரை விற்றுவிடத் துணிந்தார்.

அவ்வூரில், தோட்டத்து லேண்ட் ரோவரைப் பல்லாண்டு ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவர் செய்தியைக் கேட்டுச் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"தம்பி, பச்சைப் பிள்ளையிடம் கூலிக் கணக்குப் பார்த்திருக்கிறாய்," என்றார்.

பின்னர் அவர் விளக்கினார். புதிய எஞ்சினில் சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். பிஸ்டன் வளையங்கள் அச்சுவரோடு உராய்ந்து உராய்ந்தே நன்கு பொருந்தும். அதுவரை உராய்வு மிகுதி. அதற்கென்று பெட்ரோலின் ஒரு பகுதி செலவாகும். முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை மிதமிஞ்சிய வேகமும் கூடாது. ஒரே வேகத்தில் நெடுந்தொலைவு ஓட்டுவதும் கூடாது. உயர்ந்த கியரில் திணறவிடுவதும் கூடாது.

"மலைக்குரிய கூலியையும் எஞ்சின் தலையில் கட்டாதே," என்றும் சொன்னார்.

அது மெய்யே. 1,200 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். இறங்கும்போதோ, கியரில் இருக்க, முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், இக்கால எஞ்சின் பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். வண்டியின் வேகத்தையும் தடுத்துப் பிடிக்கும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகும், தடுப்பும் இராது. சிக்கனம் என்று இளைஞர் கருதியது செலவாகவும் இடராகவும் முடிந்தது இதனால்தான்.

அன்றுமுதல் இளைஞர் கணக்கேட்டில் ஏற்றத்தையும் சமவெளியையும் தனித்தனியே குறித்தார். ஒரு முறை நிரப்பியதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், பல முறை நிரப்பிச் சராசரி கண்டார். ஆறு திங்கள் கழிந்தபின் நூற்றுக்கு 8.8 லிட்டர் என்றாயிற்று. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் அவருக்கு ஏறத்தாழ 35 வெள்ளி மிச்சம். அம்மிச்சத்தில் இயந்திரம் பழகியதன் பங்கு எவ்வளவு, ஓட்டுநர் பழகியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூறல் அரிது. தந்தையாரோ எண்களைக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் முன்னிருக்கையில் அமர்ந்து கடைத்தெருவரை சென்றுவந்தார். அதுவே அவருக்கு நிறைவாயிற்று.

முதலாம் ஆண்டு மாணவனின் முதல் தேர்வுத்தாளைக் கையிலேந்தும் ஆசிரியர் இக்கணக்கேட்டை எண்ணிப் பார்த்தல் நன்று. அத்தாளில் உள்ள மதிப்பெண் பொய்யன்று. ஆயினும் அது அவனுடைய அளவன்று. அவன் பழகும் பருவத்தின் அளவு அது. அவன் ஏறிவந்த மலையின் உயரமும் அதில் அடங்கியிருக்கும்.