மின்சாரம் திசை பார்க்கும்

எங்கள் திண்டுக்கற் பூட்டு, சாவியை உரிய திசையில் திருப்பினாலன்றித் திறவாது. மின்சாரமும் அவ்வாறு திசை பார்க்கும் என்பதைப் பௌதிகம் கற்கையில் அறிந்து வியந்தேன்.

வத்திராயிருப்பிற் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன், பென்சிலிலுள்ள கிராபைட் என்னும் அரையுலோகத்தை ஆராய்ந்து, மின்சாரம் அதன் படலங்களின் வழியே எளிதாகவும் குறுக்கே மிக அரிதாகவும் பாய்வதைக் கங்குலி என்பாருடன் 1939-இல் வெளியிட்டார்.

காந்தப்புலம் பொதுவாக மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆயினும் சோடியமும் பிஸ்மத்தும் கூடிய அரையுலோகப் படிகத்தில், புலமும் ஓட்டமும் ஒரே திசையில் அமையின் தடை குறைவதைப் பிரின்ஸ்டன் அறிஞர் 2015-இல் கண்டனர். ஸிர்கோனியமும் டெல்லூரியமும் கூடிய படிகத்தைச் சிறிது இழுத்தாலே அதன் தடை மாறுகிறது.

நம் சீமையில் விஞ்ஞானம் விளையாதென்பார்க்குக் கிருஷ்ணனாரே விடை. மாணவ நண்பர்காள்! பென்சில் நம் கையிலும் உளது; வினவுவோமாக.