வெளிச்சத்தைக் குடிக்கிற பித்தளை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு. பாதி கொசுவத்தி, பாதி இயற்பியல். பொறுத்துக்குங்க மக்களே.

திருப்பூர்னா எல்லாருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். எங்க அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறைங்க. அப்பச்சி காலமெல்லாம் பித்தளைக் குடத்துக்கும் சொம்புக்கும் பாலீஸ் போட்டவர். சாயங்காலம் முகமெல்லாம் கரி, கண்ணு மட்டும்தான் தெரியும். அந்தக் கரிக்குப் பயந்துதான் நான் படிக்கவே ஓடினேன். "பட்டறையை யாருக்குடா உடறது?"ன்னு அவர் கேட்டப்ப, பதில் சொல்லாம பஸ் ஏறிட்டேன்.

ஓடிப்போய் மாட்டினது எதுல? உலோகத்துலதான் :-) எம்.டெக். ப்ராஜெக்ட், பிளாஸ்மோனிக்ஸ்.

விஷயம் இதுதான். ஃபைபர்ல ஓடுற வெளிச்சத்தோட அலைநீளம் சுமார் 1.55 மைக்ரான். கண்ணாடியோ சிலிக்கானோ அதை ஓரளவுக்கு மேல நெருக்க முடியாது. ஆனா உலோகத்தோட மேல்பரப்புல எலக்ட்ரான்களோட கைகோத்து ஓடும்போது, ரெண்டு தங்கச் சுவருக்கு நடுவுல 100 நானோமீட்டர் சந்துலகூட அது நுழைஞ்சுடும். மின்சாரம் கொடுத்தா ஒளிவிலகல் மாறுற கரிமப் பொருளை அந்தச் சந்துல நிரப்பிட்டா, மின் சிக்னலை வெளிச்சத்து மேல ஏத்திடலாம். 2015-ல சூரிச் ஈ.டி.எச்.சைச் சேர்ந்த லாய்டோல்ட் குழு இப்படி ஒரு மாடுலேட்டரைக் காட்டினாங்க. நீளம் வெறும் 10 மைக்ரான், வேகம் 70 கிகாஹெர்ட்ஸ். வழக்கமான மாடுலேட்டரைவிட நூறு மடங்குக்கு மேல சின்னது.

எனக்கு வாய்ச்சது வேற. என் தங்கப் படலம் சொரசொரன்னு வந்துச்சு, வெளிச்சம் சிதறிப்போச்சு. ஆறு மாசம் வீண். தீபாவளிக்கு ஊருக்குப் போய் உம்முனு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன கண்ணு?"ன்னார் அப்பச்சி. கண்புரை வந்து பார்வை மங்கிப்போயிருந்த சமயம். தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன்.

"பித்தளை வெளிச்சத்தைக் கொஞ்சம் குடிச்சுருமே?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தத் துறையோட பெரிய தலைவலியே அதுதான். உலோகத்துல ஓடுற வெளிச்சம் கொஞ்ச தூரத்துலயே சூடா மாறிச் செத்துடும். "ஆமாங்க அப்பச்சி"ன்னேன்.

"அப்ப வெரசாத் தாண்டிரோணும். மொதல்ல பள்ளத்தைப் பாரு. கீழ சரியில்லாம மேல பாலீஸ் நிக்காது." பக்கத்துல இருந்த சொம்பை எடுத்து, விரலால தடவி ஒரு நெளிவைக் காட்டினார். என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

திரும்பிப் போய், தங்கத்தை விட்டுட்டு அதுக்கு அடியில இருந்த தளத்தை முதல்ல சுத்தம் பண்ணினேன். படலம் வழவழன்னு வந்துச்சு.

சிப் தொழிற்சாலைகள்ல தங்கத்தை உள்ளே விட யோசிப்பாங்க, சிலிக்கானைக் கெடுத்துடும்னு. செம்பு ஏற்கெனவே சிப்புக்குள்ள கம்பியா இருக்கு. 1.55 மைக்ரான் வெளிச்சத்துக்கு அது தங்கத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால செம்புலயும் செய்து பார்க்கறாங்க. இதை நான் படிச்சப்ப சொல்றதுக்கு அப்பச்சி இல்லை. பட்டறையும் கைமாறிடுச்சு.

அந்த நெளிஞ்ச சொம்பு மட்டும் என் மேஜை மேல இருக்கு. இன்னும் என் விரலுக்கு அந்த நெளிவு தட்டுப்படலை.

டிஸ்கி: இயற்பியல்ல தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க. பாலீஸ் விஷயத்துல தப்பு இருக்காது.