ஐந்தரைக் கட்டை

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவன் புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொள்ளப் புறப்பட்டால் வீட்டில் இரண்டு சந்தேகங்கள் எழும். டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது ஒன்று. செய்யவேண்டிய வேலையைத் தட்டிக் கழிக்கிறான் என்பது மற்றொன்று. என் மனைவி என் உடம்பைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"நாவல் எந்த அத்தியாயத்தில் நிற்கிறது?" என்றுதான் கேட்டாள். கீபோர்டின் மேல் அடுக்கியிருந்த இஸ்திரித் துணிகளை நான் அப்போது கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

நாவல் பதினோராம் அத்தியாயத்தில் நின்றுகொண்டிருந்தது வாஸ்தவம். ஆனால் காரணம் அதுவல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

கீபோர்டு என் பெண்ணுக்காக வாங்கியது. அறுபத்தொரு கட்டை, ஐந்து ஸ்தாயி. நாலு வருஷம் கற்றுக்கொண்டு, லண்டன் டிரினிடி காலேஜ் நடத்தும் பரீட்சையில் இரண்டு கிரேடு தேறினாள். பிறகு கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. செல்போன் சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு, கீபோர்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அன்று முதல் அது எங்கள் வீட்டில் துணி மடித்து வைக்கும் மேஜையாக உத்தியோகம் பார்த்து வந்தது.

அவளுடைய பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒற்றை விரலால் தேடித் தேடி அமுக்கினேன். எந்தத் தேசத்திலோ எந்தக் காலத்திலோ ஆடு மேய்த்தவர்களின் பாட்டு. மனம் ஒட்டவில்லை. எனக்கு வேண்டியது நாலு பேர் முணுமுணுக்கிற பாட்டு, கேட்டவுடன், "அட, இதுவா!" என்று திரும்பிப் பார்க்க வைக்கிற பாட்டு. பெண்ணுக்கு டெலிபோன் செய்தேன்.

"ஷீட் மியூசிக் வேணுமாப்பா, கார்டு போதுமா?" என்றாள்.

கார்டு என்றால் எனக்குத் தபால் கார்டும் ரேஷன் கார்டும்தான் தெரியும். அவள் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். ஷீட் மியூசிக் என்பது இலை போட்டுப் பரிமாறிய முழுச் சாப்பாடு. வலது கைக்கு ஐந்து கோடு, இடது கைக்கு ஐந்து கோடு. எந்தக் கட்டையை எப்போது அமுக்கி எத்தனை நேரம் பிடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலே இருக்கும். கார்டு என்பது மூன்று, நான்கு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து அமுக்குவது. பாட்டின் வார்த்தைகளுக்கு மேலே அங்கங்கே சி, ஜி, எஃப் என்று எழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள். மெட்டுத் தெரிந்தவனுக்கு அது போதும். தெரியாதவன் ஓட்டலில் விலைப் பட்டியலைப் படித்துவிட்டுப் பசியோடு எழுந்து வர வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் லீட் ஷீட் என்று ஒன்று உண்டு: மெட்டு மட்டும் ஐந்து கோட்டில் ஒரே வரியாக, அதன் தலைக்கு மேல் கார்டுகளின் எழுத்து.

"லெட் இட் பீ வாசிங்க. நாலு கார்டு தெரிஞ்சா முக்கால் பாட்டு முடிஞ்சுது" என்றாள்.

1970-ல் வந்த பீட்டில்ஸ் பாட்டு. சி, ஜி, ஏ மைனர், எஃப். எல்லாம் வெள்ளைக் கட்டைகள். அதற்குக் காகிதம் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. முழுச் சாப்பாடாகவும் கிடைத்தது, விலைப் பட்டியலாகவும் கிடைத்தது. பத்தே நாளில் ஏதோ பாட்டுப்போல ஒன்று கேட்கத் தொடங்கியது. இதைப் போட்ட பால் மக்கார்ட்னிக்கு ஐந்து கோட்டைப் படிக்கத் தெரியாதாம். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட தெம்பு கொஞ்சநஞ்சமல்ல.

இனி உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடலாம். 

என் தகப்பனார் ஹார்மோனியம் வாசிப்பார். கச்சேரி வித்வான் அல்ல, தபாலாபீசில் குமாஸ்தா. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அவர் வாசிக்க, அம்மா பாடுவாள். பாதி கீர்த்தனம், பாதி சினிமாப் பாட்டு. 2011-ல் அப்பா போய்விட்டார். துருத்தி கிழிந்த ஹார்மோனியத்தை ஒரு பஜனை மடத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அம்மா வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. அவள் பாடவில்லை என்று வீட்டில் யாரும் பேசிக்கொண்டதும் இல்லை. 

அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. அவளுக்குப் பதினாலு வயதாயிருந்தபோது, 1964-ல் வந்த ஒரு படத்தில் வருவது. எந்தப் படம், எந்தப் பாட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை. அவள் இதைப் படிப்பாள். அந்தப் பாட்டை நான் வாசித்தால் அவள் கூடப் பாட மாட்டாளா என்ற ஆசைதான் துணி மேஜையை மறுபடி கீபோர்டாக்கியது.

பீட்டில்ஸுக்குக் கிடைத்த காகிதம் இதற்குக் கிடைக்காமலா போகும் என்று தேடினேன். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மேல்நாட்டில் கிராமபோன் தட்டு பெருகுவதற்கு முன்பு பாட்டு வியாபாரம் என்றாலே காகித வியாபாரம்தான். 1892-ல் அச்சாகி வந்த, சார்லஸ் கே. ஹாரிஸ் எழுதிய ‘ஆஃப்டர் தி பால்’ என்ற பாட்டின் அச்சுப் பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றன. வீட்டுக் கூடத்தில் பியானோ இருந்தவர்களெல்லாம் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை. நம் ஊரிலோ, சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் வார்த்தைகளும் இருக்கும், ஸ்வரம் இருக்காது. வாத்தியக்காரர்களுக்காக எழுதிய காகிதம் ஒலிப்பதிவு அறையோடு சரி. இளையராஜா தம் கையால் ஐந்து கோட்டில் எழுதித் தருவதை உலகமே அறியும். ஆனால் அவை அன்றைய ஒலிப்பதிவுக்கு எழுதியவை, கடையில் வாங்கி வீட்டில் வாசிப்பதற்கு அல்ல. இத்தனைக்கும் நமக்கு ஐந்து கோடு அந்நியம் அல்ல. 1893-லேயே சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் நம்முடைய கிருதிகளை ஐரோப்பிய முறையில் எழுதி அச்சிட்டிருக்கிறார்.

ஆகவே, ரசிகர்கள் காதால் கேட்டு எழுதி இன்டர்நெட்டில் போட்டிருப்பதுதான் கதி. அம்மாவின் பாட்டுக்கு மூன்று காகிதம் அகப்பட்டன. மூன்றும் மூன்று சுருதியில் இருந்தன. அதுகூடப் பரவாயில்லை. முதல் கார்டு மேஜர் என்றது ஒன்று; மைனர் என்றது மற்றொன்று. வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே தகராறு. நாலாவதாக ஓர் இடத்தில் பணம் கட்டி வாங்கினேன். கௌரவமாக ஐந்து கோட்டில் அச்சாகி வந்தது. இரவு வெகுநேரம் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால், அதே முதல் வரி கொண்ட வேறொரு பாட்டு! பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வெட்கமாயிருந்தது.

எங்கள் தெருக்கோடியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் மாதா கோயிலில் வாசித்துப் பழகியவர். மூன்று காகிதங்களையும் அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"சார், எழுத்தை மறந்துடுங்க. நம்பரா போடுங்க" என்றார்.

சட்ஜமத்தில் நிற்கிற கார்டு 1. மத்திமத்தில் நிற்பது 4. பஞ்சமத்தில் நிற்பது 5. ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என்று மூன்றையும் வாசித்துக் காட்டினார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இந்த மூன்று கார்டுக்குள்ளேயே ஏழு ஸ்வரமும் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் எத்தனையோ பாட்டுகள் மூன்றே கார்டில் ஓடிவிடுகின்றன. மேஜரா மைனரா என்ற தகராறு இருக்கிறதே, அது நடுவில் இருக்கிற காந்தாரத்தின் விவகாரம். அந்தர காந்தாரமானால் மேஜர். அதை ஒரு கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ரிகார்டிங் வாத்தியக்காரர்களும் இப்படி எண் போட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்கள். பாடகர் எந்தச் சுருதி கேட்டாலும் காகிதத்தை மாற்ற வேண்டாம்.

"மெட்டு சரியா எழுதினது யார்கிட்டயாவது இருந்தா கொண்டாங்க. கார்டு தானா வந்து உக்காரும்" என்று சொல்லி அனுப்பினார்.

மெட்டுக்கு எங்கே போவது? அன்று சாயங்காலம் மூன்று காகிதத்தில் தேவலையாகப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்தேன். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஏண்டா, இவ்வளவு மேலே வச்சுண்டு வாசிக்கிறே? யார் எட்டறது?" என்றாள். 

பதினாலு வருஷத்தில் பாட்டைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் பதில் சொல்லத் தெரியாமல் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதென்ன, ஏ, டி, ஈ என்று? உங்கப்பா நோட்டு பீரோவில் இருக்கே" என்றாள், உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல.

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. அப்பாவின் குமாஸ்தாக் கையெழுத்து. மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி. காந்தாரத்துக்குப் பக்கத்தில் எந்தக் காந்தாரம் என்று பொடி எழுத்தில் ஓர் எண். அம்மாவின் பாட்டு ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டு மாதமாக உலகமெல்லாம் தேடிய காகிதம், துணி மேஜைக்கு நேர் எதிரே பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்திருக்கிறது.

கார்டுகளைச் சொல்லும் ஏ, பி, சி எழுத்துகளுக்கு நிரந்தர விலாசம் உண்டு. சி என்றால் அந்த ஒரு கட்டைதான். வீடு மாற்றக் கூடாது. நம்முடைய ச அப்படியல்ல. எந்தக் கட்டையில் வைக்கிறோமோ அங்கே குடியேறிவிடும். மற்ற ஆறும் அதன் பின்னாலேயே வந்து சேரும். அதனால், அப்பா எழுதிய பக்கத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாறியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தின் மூலையில், ச எங்கே என்று அப்பா குறித்திருந்தார். முதலில் "5½ — 1974." அது அவர்களுக்குக் கல்யாணமான வருஷம். அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, "5 — 1989." அதையும் அடித்துவிட்டு, "4½ — 2006." அதன் கீழே எதுவும் இல்லை.

வயதாக வயதாகப் பெண்களின் குரல் கீழே இறங்கும் என்பதை நான் எங்கோ படித்திருக்கிறேன். அந்த இறக்கத்தை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அரைக் கட்டை அரைக் கட்டையாக, முப்பத்திரண்டு வருஷம் கணக்கெழுதி வந்திருக்கிறார். அம்மாவை, "குரல் போச்சு" என்று சொல்ல அவர் விடவில்லை. சட்ஜமத்தை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இர்விங் பெர்லின் என்ற பெரிய பாட்டுக்காரர் இருந்தார். கறுப்புக் கட்டைகள் நிறைந்த எஃப் ஷார்ப்பில் மட்டுமே, அதாவது நம் கணக்கில் நாலரைக் கட்டையில் மட்டுமே, அவருக்கு வாசிக்க வரும். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் சுருதி மாறுகிற விசேஷப் பியானோ வைத்திருந்தார். அந்த நெம்புகோல் இப்போது சாதாரணக் கீபோர்டுகளில் ‘டிரான்ஸ்போஸ்’ என்ற பொத்தானாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கீபோர்டிலும் இருக்கிறது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை.

நாலரை வைத்து ஆரம்பித்தேன். அம்மா தலையை அசைத்தாள். இன்னொரு அமுக்கு அமுக்கி நாலுக்கு இறக்கினேன். வெள்ளைக் கட்டைகளிலேயே விரல் ஓடியது. கீபோர்டு எனக்காக அதை நாலு கட்டைக்கு மாற்றிக்கொண்டது. அப்பாவின் மெட்டை வலது கையிலும், வாத்தியார் சொன்ன 1, 4, 5-ஐ இடது கையிலும் வைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கிப் போனேன்.

பல்லவியின் இரண்டாவது வரியில் அம்மா சேர்ந்துகொண்டாள். குரல் நடுங்கிற்று. அனுபல்லவி மாதிரி வரும் இடத்தில் ஒரு கார்டு தப்பாக விழுந்தது. அவள் நிற்கவில்லை, அதனால் நானும் நிற்கவில்லை. சமையலறைக் கதவருகில் என் மனைவி கரண்டியும் கையுமாக நின்றாள். பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பேனாவை எடுத்தேன். அப்பாவின் "4½"-ஐ ஒரு கோட்டால் அடித்தேன். கீழே "4" என்று எழுதப் போனேன்.

"பென்சிலால் எழுதேண்டா. இன்னும் இறங்கும்" என்றாள் அம்மா.